2024 ஜூலை போர்ட் அலை: நெட்வொர்க் மாறும் முன் வீட்டுக்குள் அளந்திருக்க வேண்டியவை

2024 ஜூன் கடைசியில் ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூன்றும் அடுத்தடுத்துக் கட்டண உயர்வை அறிவித்தன. ஜூலை 3-ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், 4-ஆம் தேதி வியும் புதுக் கட்டணத்துக்குப் போயின. ஜியோவில் நாளுக்கு 1.5 ஜிபி, 28 நாள் என்ற ப்ளான் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. நான்கு ஃபோன் உள்ள வீட்டுக்கு ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் 240 ரூபாய் கூடுதல். பிஎஸ்என்எல் மட்டும் விலையை ஏற்றவில்லை. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் போர்ட் வசதிக்காகக் கடைகளில் கூட்டம் கூடியது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வெளியிட்ட சந்தாதாரர் கணக்கில் அந்த ஜூலை தெளிவாகப் பதிந்திருக்கிறது. பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. ஏர்டெல் ஏறக்குறைய 17 லட்சத்தையும், வி 14 லட்சத்தையும், ஜியோ 7.5 லட்சத்தையும் இழந்தன. ஆகஸ்டில் பிஎஸ்என்எல்லுக்கு மேலும் 25 லட்சம் வந்தது. செப்டம்பரில் அது 8.5 லட்சமாகவும், அக்டோபரில் 5 லட்சமாகவும் சுருங்கியது. நவம்பரில் திசையே மாறி, சுமார் 3.4 லட்சம் குறைந்தது.

இந்த வரிசையோடு இன்னொரு தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு முறை போர்ட் செய்தால் அடுத்த 90 நாட்களுக்கு மறுபடி போர்ட் செய்ய முடியாது. ஜூலை முதல் வாரம் போனவர்களுக்கு அந்தப் பூட்டு அக்டோபர் முதல் வாரத்தில்தான் திறந்தது. அடுத்த மாதக் கணக்கிலேயே எண் கீழே இறங்கியதைத் தற்செயல் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. விலையைக் கணக்குப் போட்டவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் வீட்டுச் சிக்னலைக் கணக்குப் போடவில்லை என்பதே எங்கள் வாசிப்பு. இந்த ஆய்வு அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது. செலவு ஒரு சிறிய ரீசார்ஜ், ஒரு வாரம், ஒரு தாள், அவ்வளவுதான்.

அந்த ஜூலையில் எது இடறியது

பிஎஸ்என்எல்லின் 4ஜி அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டுத் தொழில்நுட்பம் அது. நாடு முழுவதற்குமான முறையான தொடக்கம் 2025 செப்டம்பர் 27-ஆம் தேதிதான் நடந்தது. சுமார் 97,500 டவர்கள் என்று அன்று அறிவிக்கப்பட்டது. 2024 ஜூலையில் போனவர்களுக்குப் பல ஊர்களில் கிடைத்தது 3ஜி அல்லது 2ஜி. கடையில் கொடுத்தது 4ஜி சிம்தான், வீட்டருகே டவரில் 4ஜி ஏறியிருக்கவில்லை.

டவரில் 4ஜி ஏறிய இடத்திலும் சில ஃபோன்கள் அதைப் பிடிக்கவில்லை. பிஎஸ்என்எல் 4ஜிக்கு முக்கியமாகப் பயன்படுத்துவது 700 மெகாஹெர்ட்ஸும் 2100 மெகாஹெர்ட்ஸும். டவரும் ஃபோனும் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு அலைவரிசைத் தொகுதிக்கும் பேண்ட் என்று ஓர் எண் உண்டு; இவை பேண்ட் 28, பேண்ட் 1. பேண்ட் 28 இல்லாத பழைய, விலை குறைந்த 4ஜி ஃபோன்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அப்படிப்பட்ட ஃபோனுக்குப் பேண்ட் 28-இல் மட்டும் 4ஜி ஓடும் டவர், இல்லாத டவர்தான். ஒரே வீட்டில் மகள் ஃபோனில் 4ஜி வரும், அப்பா ஃபோனில் 3ஜியோடு நிற்கும். சிம் பழுது என்று நினைத்து மாற்றி வாங்கினால் அதிலும் அதேதான்.

ஆகவே முதல் வேலை ஃபோனின் பேண்ட் பட்டியலைப் பார்ப்பது. அமைப்புகளில் ‘ஃபோனைப் பற்றி’ என்ற பக்கத்தில் உள்ள மாடல் எண்ணை எழுத்து பிசகாமல் எடுத்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்கு உரிய விவரத்தைப் பாருங்கள். விற்பனைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு பேண்டுகளோடு விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஃபோன் என்றால் இது கட்டாயம். அமெரிக்காவில் விற்ற பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இங்கே பெரிதும் ஓடும் பேண்ட் 40 இல்லாதவை உண்டு.

பார்க்க வேண்டிய எண்கள் இவை. ஜியோ 4ஜிக்கு 5, 3, 40. 5ஜிக்கு என்28, என்78 (5ஜி பேண்ட் எண்ணுக்கு முன்னால் ‘என்’ சேரும்). ஏர்டெல் 4ஜிக்கு 8, 3, 1, 40, 5ஜிக்கு என்78. வி 4ஜிக்கு 8, 3, 1, 41. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 28, 1. எந்த ஊரில் எது ஓடுகிறது என்பது டவருக்கு டவர் மாறும். ஆனால் ஃபோனில் இல்லாத பேண்ட் எந்த ஊரிலும் வராது.

வரைபடம் எவ்வளவு தூரம் உதவும்

2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த சேவைத் தர விதிமுறைப்படி, 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் போட வேண்டும். அதைத் திறந்து உங்கள் தெரு, வேலை இடம், பிள்ளைகளின் பள்ளி மூன்றையும் பாருங்கள். நிறம் இல்லாத இடம் இருந்தால் அந்த நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடலாம். நிறம் இருந்தால் அதற்கு மேல் எந்த உறுதியும் இல்லை. டவரின் உயரம், ஆன்டெனாவின் திசை, நிலத்தின் மேடு பள்ளம் ஆகியவற்றை வைத்துக் கணினி போட்ட கணிப்பு அது. உங்கள் சமையலறைச் சுவரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அரசின் தரங் சஞ்சார் தளம் இன்னொரு வழி. டவர் கதிர்வீச்சுத் தகவலுக்காக வைத்தது; ஆனால் உங்கள் இடத்தைச் சுற்றி எந்த டவரில் எந்த நிறுவனம் எந்தத் தொழில்நுட்பத்தில் இருக்கிறது என்று பார்க்கவும் உதவும். வீட்டிலிருந்து 300 மீட்டரில் ஒரு டவர், நடுவில் வேறு உயரமான கட்டடம் இல்லை என்றால் நல்ல அறிகுறி.

ஓப்பன்சிக்னல், ஊக்லா அறிக்கைகளில் ‘வேகமான நெட்வொர்க்’ என்று வரும் பட்டங்களுக்கு இந்த முடிவில் மிகக் குறைந்த இடம் கொடுங்கள். அவை நாடு அல்லது நகர அளவிலான சராசரிகள். அந்தச் சிம்மை வைத்திருப்பவர்கள் போகும் இடங்களில், அவர்கள் கையில் உள்ள ஃபோன்களில் எடுத்தவை. சிக்னலே இல்லாத இடத்தில் வேகச் சோதனை ஓடாது. எனவே சிக்னல் இல்லாத வீடுகள் வேகச் சராசரியில் சேர்வதே இல்லை. 5ஜி ஃபோன் வைத்திருப்பவர்கள் அதிகம் உள்ள நிறுவனத்தின் சராசரி மேலே ஏறும். உங்கள் 4ஜி ஃபோனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மலையூர்க்காரர்களுக்கு இதெல்லாம் இன்னும் குறைவாகவே பொருந்தும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் டவர் எதிரே தெரியும், அடுத்த வளைவில் மலையின் முதுகு மறைத்துவிடும். அங்கே கிலோமீட்டர்க் கணக்கு உதவாது. டவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் கணக்கு.

வீட்டுக்குள் அளப்பது

எந்த நிறுவனத்துக்கு மாற நினைக்கிறீர்களோ அதில் புது எண்ணோடு ஒரு சிம் வாங்குங்கள். ஆதார் காட்டினால் சிறிது நேரத்தில் இயங்கும். ஒருவர் பெயரில் மொத்தம் 9 சிம் வரை வைத்துக்கொள்ளலாம். தினசரி டேட்டா உள்ள ப்ளான்களில் மிகச் சிறியதைப் போடுங்கள். பழைய சிம் முதல் பொந்திலும் புது சிம் இரண்டாவதிலும் இருக்க, ஒரே ஃபோனில் இரண்டையும் அளந்தால் ஃபோன் வேறுபாடு கழிந்துவிடும். பழைய மாடல்கள் சிலவற்றில் இரண்டாவது பொந்து முழுத் திறனில் இயங்காது. சந்தேகம் இருந்தால் ஒரே இடத்தில் சிம்களை இடம் மாற்றிப் போட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். எண் மாறினால் அந்த ஃபோனில் முதல் பொந்தில் மட்டும் அளக்க வேண்டும்.

சிக்னல் கம்பிகளை எண்ண வேண்டாம். எத்தனை டெசிபலுக்கு எத்தனை கம்பி என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைக்கிறார். இரண்டு ஃபோன்களின் கம்பிகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. பார்க்க வேண்டியது ஆர்எஸ்ஆர்பி என்ற அளவு; டவரின் சிக்னல் ஃபோனுக்கு எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை அது சொல்லும். ஆண்ட்ராய்டில் அமைப்புகள், ஃபோனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் ‘சிக்னல் வலிமை’ என்ற இடத்தில் டிபிஎம் என்ற டெசிபல் அலகில் இருக்கும். பல ஃபோன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும் வரும். ஐஃபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். நெட்மான்ஸ்டர், நெட்வொர்க் செல் இன்ஃபோ போன்ற செயலிகள் எந்தப் பேண்டில் இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் காட்டும். இந்த வேலைக்கு அவையே வசதி. சில ஃபோன்கள் ஏஎஸ்யு என்ற எண்ணை மட்டும் காட்டும். 4ஜியில் அதிலிருந்து 140-ஐக் கழித்தால் டிபிஎம் கிடைக்கும்: ஏஎஸ்யு 30 என்றால் மைனஸ் 110.

இது மைனஸ் கணக்கு. பூஜ்யத்துக்கு அருகில் வர வர நல்லது. 4ஜியில் மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் மிக நன்று. மைனஸ் 90-களில் வீட்டு வேலை எல்லாம் நடக்கும். மைனஸ் 100-ஐத் தாண்டினால் வீடியோ அழைப்பு அவ்வப்போது திக்கும். மைனஸ் 110-க்குக் கீழே பேச்சு விட்டு விட்டு வரும். மைனஸ் 120 என்றால் இணைப்பு அறுந்துபோகும் விளிம்பு. 3 டெசிபல் குறைந்தால் கிடைக்கும் ஆற்றல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ‘மைனஸ் 106-க்கும் 112-க்கும் ஆறுதானே வித்தியாசம்’ என்று தோன்றும். அந்த ஆறு நான்கு மடங்கு.

ஆர்எஸ்ஆர்பியோடு எஸ்ஐஎன்ஆரையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய சிக்னல், பக்கத்து டவர்களின் இரைச்சலை விட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை அது சொல்லும். 20-க்கு மேல் அருமை, 13-க்கு மேல் நன்று, பூஜ்யத்துக்குக் கீழே போனால் சிக்னல் வலுவாக இருந்தும் நெட் நகராது. நகர அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் இந்தச் சிக்கல் சகஜம். நான்கு பக்க டவரும் கண்ணுக்குத் தெரியும். ஃபோன் ஒன்றிலும் நிலைக்காமல் தாவிக்கொண்டே இருக்கும். மேல்மாடியில் டவர் நன்றாகக் கிடைக்கும் என்று நம்பி வீடு பார்ப்பவர்கள் இதை அளந்த பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.

எங்கே அளப்பது? ஃபோன் உண்மையில் கிடக்கும் இடங்களில். வாசல், கூடத்தில் சார்ஜர் உள்ள மூலை, சமையலறை மேடை, படுக்கைத் தலைமாடு. ஒவ்வொரு இடத்திலும் ஃபோனை வைத்துவிட்டு ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். கையில் பிடித்தால் உள்ளங்கையே ஆன்டெனாவை மறைத்துச் சில டெசிபல்களைத் தின்றுவிடும். எண் மேலும் கீழும் ஆடும். நடுவில் அதிக நேரம் நின்றதை எழுதுங்கள்.

தாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஆனால் கான்கிரீட் கூரை போட்ட தரைத்தள வீட்டில் அளந்தால் இந்த வடிவத்தைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள்.

முதல் சிம்: வாசலில் மைனஸ் 84, பேண்ட் 40, காலை 7 மணிக்கு 38 எம்பிபிஎஸ், இரவு 9.30-க்கு 6. சமையலறையில் மைனஸ் 112, பேண்ட் 5-க்கு இறங்கியது, காலை 5 எம்பிபிஎஸ், இரவு 1.

இரண்டாவது சிம்: வாசலில் மைனஸ் 97, பேண்ட் 3, காலை 14 எம்பிபிஎஸ், இரவு 11. சமையலறையில் மைனஸ் 106, அதே பேண்ட் 3, காலை 8, இரவு 6.

வாசலில் நின்று காலையில் மட்டும் அளந்தவர் முதல் சிம்தான் என்று சத்தியம் செய்வார். அந்த வீட்டில் இரவு அடுப்படியில் நின்று மகனோடு வீடியோவில் பேசும் அம்மாவுக்கு இரண்டாவதுதான் சரி. முதல் சிம்மில் நடந்தது என்ன? 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பேண்ட் 40 வெட்டவெளியில் நல்ல வேகம் தரும், சுவரைத் துளைக்காது. இரண்டு சுவர் தாண்டியதும் ஃபோன் அதைக் கைவிட்டு 850-இல் ஓடும் பேண்ட் 5-ஐப் பிடிக்கிறது. 850 சுவரைத் தாண்டும், தூரமும் போகும். ஆனால் அந்த அலைவரிசையில் இடம் குறைவு. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய ஃபோனும் அதே குறுகிய பாதையில்தான் வந்து விழுகிறது. இரவில் அது நெரிசலாகிறது.

வீட்டின் கட்டுமானத்தையும் தாளில் எழுதுங்கள். ஓட்டு வீட்டில் இந்த வித்தியாசம் குறைவு. தகரக் கூரை, கண்ணாடியில் உலோகப் பூச்சு போட்ட அலுவலகம், பாதாள வாகன நிறுத்தம் மூன்றிலும் எந்தப் பேண்டும் திணறும். அங்கெல்லாம் வைஃபை வழி அழைப்பு உண்டா என்று பார்ப்பதே தீர்வு. வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, ஃபோனில் அந்த வசதியும் இருந்தால், சமையலறை மைனஸ் 112-ஐ நினைத்து நிறுவனத்தையே மாற்ற வேண்டியதில்லை. அமைப்புகளில் ஒரு பொத்தானை இயக்கினால் போதும்.

வேகச் சோதனை எங்கே ஏமாற்றும்

வேகச் சோதனைச் செயலி தானாக மிக அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். பல நேரம் அது அதே மொபைல் நிறுவனத்தின் சொந்த சர்வராக இருக்கும். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை ஓடிவிட்டு ஊர் முழுக்க ஓடியதாகச் சொல்வது போன்றது அது. இரண்டு சிம்முக்கும் ஒரே சர்வரை, இரு நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லாத ஒன்றை, கையால் தேர்ந்தெடுங்கள்.

டேட்டா செலவைக் கவனியுங்கள். 30 எம்பிபிஎஸ் வேகத்தில் 15 விநாடி இறக்கினால் சுமார் 56 எம்பி போகும். 5ஜியில் 300 எம்பிபிஎஸ் வந்தால் அதே 15 விநாடிக்கு 560 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி ப்ளானில் மூன்றாவது சோதனை முடியும் முன் அன்றைய அளவு தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸுக்கு விழும். அதன் பிறகு எடுக்கும் எண்ணை வைத்து ‘சாயங்காலம் இந்த நெட்வொர்க் படுத்துவிடுகிறது’ என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. படுத்தது அவர்களுடைய ப்ளான்.

சோதனைக்கு முன் வைஃபை, விபிஎன், பேட்டரி சேமிப்பு மூன்றையும் அணையுங்கள். பின்னணியில் புகைப்படம் மேலேறிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஒரு இடத்தில் ஒரு நேரத்தில் மூன்று முறை எடுத்து நடு எண்ணை மட்டும் எழுதுங்கள். காலை 7, மதியம் 1, இரவு 9.30 ஆகிய மூன்று வேளையும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சேர வேண்டும். ஞாயிறு இரவு ஊரே வீட்டில் இருக்கும், கிரிக்கெட் ஆட்டம் இருந்தால் இன்னும் நல்லது. நெரிசலில் நிற்கும் நெட்வொர்க்தான் உங்களுக்கு வேண்டியது.

எவ்வளவு வேகம் போதும் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முழு ஹெச்டி படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும். வீடியோ அழைப்புக்கு இரு திசையிலும் 2 முதல் 3 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் நன்றாக ஓடும். யுபிஐக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். 200 எம்பிபிஎஸுக்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் உள்ள ஃபோன் திரையில் யாரும் உணர மாட்டார்கள். 6-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசத்தை எல்லோரும் உணர்வார்கள். ஆகவே தாளில் மிகப் பெரிய எண்ணைத் தேடாமல் மிகச் சிறிய எண்ணைத் தேடுங்கள். எந்தச் சிம்மின் மோசமான நேரம் அவ்வளவு மோசமாக இல்லையோ அதுவே வீட்டுக்கு ஏற்றது.

மேலேற்ற (அப்லோட்) வேகத்தையும், பதில் வர ஆகும் நேரமான பிங்கையும் பலர் எழுதுவதே இல்லை. பள்ளி வகுப்பு, வேலைக் கூட்டம் ஆகியவற்றில் நம் முகமும் குரலும் போவது மேலேற்றத்தில்தான். இறக்கம் 20, மேலேற்றம் 0.4 என்று இருந்தால் எதிர்ப்பக்கம் உங்களைக் கல்லாக உறைந்த முகமாகத்தான் பார்ப்பார்கள். வலுவிழந்த சிக்னலில் முதலில் அடிபடுவது இதுவே. டவரிடம் ஆற்றல் உண்டு, கையில் உள்ள சின்ன ஃபோனால் அவ்வளவு தூரம் கத்த முடியாது.

5ஜி ஐகானைப் பற்றி ஒரு சொல். ஜியோ தனித்து நிற்கும் 5ஜியாகத் தொடங்கியது. ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் வகையில் தொடங்கியது. தோளில் நிற்கும் வகையில், டேட்டா 4ஜியிலேயே போகும்போதும் மேலே 5ஜி என்று காட்டக்கூடும். தனித்து நிற்கும் வகையில், வீட்டுக்குள் 700 மெகாஹெர்ட்ஸ் என்28-ஐப் பிடித்து 5ஜி காட்டும். வெளியே என்78-இல் பார்த்த வேகம் அங்கே இருக்காது. ஐகானை நம்பாமல் செயலியில் பேண்டைப் பாருங்கள். ப்ளானையும் பாருங்கள். 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவில் அளவில்லா 5ஜி, நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள ப்ளான்களுக்குத்தான்.

பேச்சு

நெட் வேகத்தில் மூழ்கி, பேச்சை மறந்துவிடுகிறோம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லை. குரல் முழுக்க 4ஜி அல்லது 5ஜி வழியாகத்தான் போகும். மற்ற மூன்றிலும் 4ஜி மங்கும்போது அழைப்பு 2ஜிக்கு இறங்கிப் பிழைத்துக்கொள்ள வழி உண்டு. பாட்டியிடம் பழைய 2ஜி பட்டன் ஃபோன் இருந்தால் அதில் ஜியோ சிம் இயங்காது. குடும்பத்தோடு மொத்தமாகப் போர்ட் செய்யும் வீடுகள் இடறுவது பெரும்பாலும் இந்த ஒரு ஃபோனில்தான்.

சோதனைச் சிம்மிலிருந்து சமையலறையில் நின்று ஐந்து நிமிட அழைப்பு ஒன்று பேசிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் வார்த்தை விழுங்குகிறதா என்று சொல்லட்டும். பேசிக்கொண்டே வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடங்கள்; டவர் மாறும் இடத்தில் அறுகிறதா என்று தெரியும். அழைப்பில் இருக்கும்போது திரையில் 4ஜி நிற்கிறதா, 2ஜி அல்லது 3ஜிக்கு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்த ஃபோனில் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, இயங்கவில்லை. பேசும்போது நெட் நின்றோ தேய்ந்தோ போகும். பிறகு ஃபோனை உள்ளறையில் வைத்துவிட்டு வெளியிலிருந்து பத்து முறை அழையுங்கள். எத்தனை முறை மணி அடித்தது? ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று இரண்டு முறை வந்தாலும் வங்கி ஓடிபி வரும் எண்ணை அந்த நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மின்வெட்டு நேரத்தில் ஒரு முறை அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். டவருக்கு பேட்டரியும் சில இடங்களில் ஜெனரேட்டரும் உண்டு, எல்லாவற்றிலும் ஒரே அளவு தாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரத்தோடு சிக்னலும் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் முன்பே அறிவிக்கப்படும். அன்று மதியம் 12-க்கும் 2-க்கும் ஒவ்வொரு முறை பாருங்கள்.

மாறவே வேண்டுமா?

பெரும்பாலான ஃபோன்களில் இரண்டு சிம் பொந்து உள்ளது. தாளில் ஒரு சிம் பேச்சிலும் மற்றது நெட்டிலும் முன்னே நின்றால், எண்ணை அதன் இடத்திலேயே குறைந்த ப்ளானில் வைத்துவிட்டு, டேட்டாவை மட்டும் புது சிம்மில் ஓட்டுவதே எங்கள் பரிந்துரை. செலவு சற்றுக் கூடலாம். ஆனால் ஒரு டவர் படுத்தாலும் இன்னொன்று இருக்கும், 90 நாள் பூட்டும் இல்லை. 2024 ஜூலையில் இதைச் செய்தவர்கள் பிடிக்காத சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அன்றே வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

போர்ட்தான் என்று முடிவானால், வரிசை இது. போர்ட் செய்ய வேண்டிய எண்ணிலிருந்தே 1900-க்கு எஸ்எம்எஸ்: ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட், ஓர் இடைவெளி, பத்து இலக்க எண். ரீசார்ஜில் எஸ்எம்எஸ் வசதி இல்லாவிட்டாலும் இந்தச் செய்தியை அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டிருக்கிறது. போர்ட் விண்ணப்பத்துக்குத் தேவையான, யுபிசி என்ற எட்டு எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாட்களுக்குச் செல்லும். அதற்குள் புது நிறுவனத்தின் கடையில் ஆதாரோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒரே வட்டத்துக்குள் (தொலைத்தொடர்புச் சேவைப் பகுதிக்குள்) 3 வேலை நாட்கள், வேறு வட்டத்திலிருந்து என்றால் 5. சென்னையும் தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளும் ஒரே வட்டம். பெங்களூரில் வாங்கிய எண் கர்நாடக வட்டம்.

குறியீடு வராமல் போவதற்குக் காரணங்கள் சில. அந்த நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகவில்லை. போஸ்ட்பெய்டில் கெடு தாண்டிய பில் பாக்கி இருக்கிறது. சிம் பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: சிம்மை மாற்றி வாங்கிய 7 நாட்களுக்குள் குறியீடு கிடைக்காது. சிம் தொலைந்து புதுசு வாங்கிய கையோடு போர்ட் செய்யப் போகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பித்த பின் மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு, கேன்சல் என்று ஆங்கிலத்தில் எழுதி எண்ணைச் சேர்த்து அனுப்பலாம்.

ப்ரீபெய்டில் மீதி உள்ள தொகையும் ப்ளான் நாட்களும் புது நிறுவனத்துக்கு வராது. 84 நாள் ரீசார்ஜ் செய்து பத்தாவது நாளில் போர்ட் செய்தால் 74 நாளின் பணம் போனதுதான். ப்ளான் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது குறியீடு கேளுங்கள். எண் மாறும் சில மணி நேரம் பழைய சிம்மும் இயங்காது, புதியதும் இயங்காது; பெரும்பாலும் இரவில் நடக்கும். மறுநாள் காலை வங்கியிலோ டிக்கெட் முன்பதிவிலோ ஓடிபி தேவைப்படும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

குறியீட்டைக் கேட்கப் பழைய சிம்மில் சிக்னல் வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை கசப்பாகக் கற்றது. 2018 பிப்ரவரி கடைசியில் ஏர்செல் டவர்கள் அணைந்தபோது, வெளியேற விரும்பியவர்களுக்கு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பவே நெட்வொர்க் இல்லை. வங்கிக் கணக்கு, காஸ் பதிவு, ரேஷன் எல்லாம் அந்த எண்ணில் இருக்க, கடை வாசல்களில் மணிக்கணக்கில் நின்றார்கள். சிக்னல் மெல்லத் தேய்கிற நிறுவனத்தில் இருந்தால், முற்றிலும் போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

தாளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். மேலே தேதியை எழுதி வையுங்கள். 2024 ஜூலையில் 3ஜி மட்டும் இருந்த தெருவில் இன்று பேண்ட் 28 வந்திருக்கலாம். பக்கத்தில் எழுந்த ஐந்து மாடிக் கட்டடம் நல்ல டவரை மறைத்தும் இருக்கலாம். புது எண்ணில் 90 நாள் முடிகிற வாரம், அதே நான்கு இடங்களில், இரவு 9.30-க்கு இன்னொரு முறை அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள்.